வலது பக்கத்துப் பால்

மடியில் முறம் மாதிரியான சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருக்கிறேன். நனைந்த இலையை எடுத்து, தூளைக் கொஞ்சம் தூவி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்து, அடுத்த இலையை எடுத்து என்று கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, கண் மட்டும் பக்கத்தில் வாழையிலைக்குள் பொதிந்து கிடக்கிற மல்லிகைப் பூவை விட்டு வரமாட்டேன் என்கிறது. அது தலைக்கு வாங்கின பூ இல்லை, மாரில் கட்டுவதற்கு வாங்கின பூ. மல்லிகையை மாரில் வைத்து இறுக்கிக் கட்டினால் பால் வற்றிப்போகும் என்பது எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். மத்தியானம் ஆவுடை அக்கா பையும் பெட்டியுமாக ஆட்டோவில் வந்து இறங்கி, குளித்து, சேலை மாற்றி, அந்தப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளி, "இனிமே நீ பிள்ளைக்குக் குடுக்க வேண்டாம் பேச்சி, இதை வச்சுக் கட்டிக்கோ, அவன் என்கிட்டப் பழகட்டும்" என்று சொல்லிவிட்டு, என் இடுப்பிலிருந்து கவினேஷைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளை உள்ளே வீரிட்டு அழுகிறது, நான் பின்வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறேன், பூ வாடிக்கொண்டிருக்கிறது.

பிள்ளை அவள் பெற்ற பிள்ளைதான், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அவள் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள், நான் இளையவள், ஆக நாங்கள் இருவரும் ஓரகத்திகள். அவள் நர்ஸுக்குப் படித்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறாள், அவள் புருஷன், எங்கள் பெரியத்தான், சவுதியில், தம்மாமில் இருக்கிறார். நான் ஐந்தாவதோடு நின்று பீடிச் சுளவை மடியில் ஏந்தினவள், நாலு பேர் முன்னால் வாய் வராது, எங்கள் அத்தை வருகிறவர்களிடமெல்லாம், "இவளுக்குப் பேச்சித்தாய்னு பேரு வச்சவனைத்தான் நான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். இருவரும் ஒரே மார்கழியில் பிள்ளை பெற்றோம். அவளுக்குக் கவினேஷ், எனக்கு யாழினி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் பிள்ளையை முதலில் தூக்கினார்கள், அதன் பிறகு திரும்பி, "இது சின்னவ பிள்ளையா, நல்லா இருக்கு" என்றார்கள். நல்லா இருக்கு என்பதை ஒரு மாதிரி சொன்னார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

பங்குனியில் அந்த நோய் வந்தது. கடை அடைத்து, பஸ் நின்று, பீடிக் கம்பெனியும் இலை தரமாட்டோம் என்று சொல்லி, ஊரே வாயைத் துணியால் கட்டிக்கொண்டபோது, பச்சை உடம்புக்காரியான ஆவுடை அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வேலை பார்க்கிற நாள் வார்டு, மற்ற நாள் காலேஜ் விடுதியில் அடைப்பு, வீட்டுக்கு வரக்கூடாது, வந்தால் வீட்டுக்கும் ஒட்டும் என்றார்கள். எங்கள் தெருக்காரர்கள் அதற்கும் ஒருபடி மேலே போய், தெருமுனையில் தகரத்தை வைத்து அடைத்து, நர்ஸம்மா இந்தப் பக்கம் வந்துறக் கூடாது என்று காவலுக்கு ஆளும் போட்டார்கள். அவள் போகிறபோது பிள்ளையை என் கையில் தந்து, "ரெண்டு பிள்ளைக்கும் காணுமாட்டி உனக்கு?" என்று கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். காணாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

விடுதியில் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. வார்டில் தலை முதல் கால் வரை மூடுகிற அந்த உடுப்பைப் போட்டால் ஆறு மணி நேரம் கழற்ற முடியாது, உள்ளே வேர்வையும் பாலுமாக ஊறி, காலுறைக்குள் இறங்கிச் சதசதவென்று கிடக்குமாம். பூச்சந்தை மூடியிருந்ததால் தோட்டக்காரர்கள் மல்லிகையை மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்த நாள் அது, ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாராம். அவள் அதை மாரில் கொட்டிச் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே படுத்தாளாம். அன்றைக்குச் சாயங்காலம், இங்கே, நான் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டு நிற்கும்போது, என் வலது பக்கம் கல்லாகக் கனத்து, ஜாக்கெட் நனைந்து, பால் சொட்டு சொட்டாக அடுப்பங்கரைத் தரையில் விழுந்தது. மல்லிகை வாசம் அடித்தது. என் வீட்டில் அன்றைக்கு ஒரு பூவும் கிடையாது.

அத்தை வந்து பார்த்தாள், விரலால் தொட்டு மோந்து பார்த்தாள், "மூத்தவ பாலு" என்றாள். அவ்வளவுதான். "அங்க அடைச்சா இங்க ஊறத்தான செய்யும், ஒரே வீட்டுத் தண்ணிதான?" என்று சொல்லிவிட்டு, கவினேஷைத் தூக்கி என் வலது பக்கம் வைத்தாள், அவன் மூன்று நாள் பட்டினிக்காரன் மாதிரிக் குடித்தான். அன்றிலிருந்து இடது பக்கம் யாழினிக்கு, வலது பக்கம் கவினேஷுக்கு. இடது பக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி வரும், மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி வரும், நான் சிரித்தாலும் அழுதாலும் ஒரே மாதிரி வரும், யாரும் அதைக் கேட்டதில்லை.

வலது பக்கம் அப்படி இல்லை. அது ஒருநாள் குடம் உடைந்த மாதிரி வரும், ஒருநாள் நூல் மாதிரி வரும், ஒருநாள் வராது. முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு மாரிக்கனி சித்திதான். டீக்கடை காதர் அண்ணன் ஆக்ஸிஜனை விட்டு எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு நான் நாலு ஜாக்கெட் மாற்றினேன், கொடியில் நாலும் காய்ந்ததைப் பார்த்த சித்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னட்டி இது, ஆஸ்பத்திரியில நல்ல சேதி வந்த அன்னைக்குத்தான் உனக்கு ஊறுதா?" என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் காலையில் வாசலில் ஆறேழு பெண்கள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கை தூரத்தில். ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒருவர் ஆஸ்பத்திரிக்குள்ளே கிடந்தார், போன் எடுக்க ஆளில்லை, பார்க்க விடமாட்டார்கள், இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியாது.

"பேச்சி, இன்னைக்கு எப்படிட்டி இருக்கு?"

"எது?"

"அதான், வலது பக்கம்."

 புருஷன் முன்னாலேயே சொல்லக் கூசுகிற சங்கதியைத் தெரு முன்னால் நின்று நான் எப்படிச் சொல்ல? கடைசியில் அத்தைதான் ஒரு வழி செய்தாள். நன்றாக ஊறினால் பின்வாசல் கொடியில் கவினேஷுடைய மஞ்சள் துணி, நூலாக வந்தால் வெள்ளைத் துணி, வரவே இல்லை என்றால் என் வீட்டுக்காரர் கொம்பையாவுடைய பழைய கறுப்புக் கைலி. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. தெரு முழுக்க எங்கள் கொடியைப் பார்த்துத்தான் விடிந்தது. மஞ்சள் என்றால் உலை வைத்தார்கள், கறுப்பு என்றால் விளக்கு வைத்தார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற போலீஸ்காரர் கூட, பால்காரனிடம், "என்னப்பா, மஞ்சளா?" என்று கேட்பாராம். வாயில்லாதவள் மாரை ஊரே வாசிக்கிறது என்று நினைத்தால் எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருக்கும், ஆனால் நான் துணியைக் காயப்போடுகிற வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தேன்.

கொஞ்ச நாளில் கணக்கு இடித்தது. ஒருநாள் உள்ளே ஒரு வயசாளி இறந்துபோனாள் என்று சேதி, கொடியிலோ மஞ்சள். "என்ன, துணி மாறிப்போச்சா?" என்று கேட்டார்கள். சாயங்காலம் அத்தையிடம் ஆவுடை அக்கா போனில் சொன்னாள், அந்த ஆச்சி கடைசியில் தலை சிக்காகக் கிடக்கே என்று வருத்தப்பட்டாளாம், இவள் கையுறையோடேயே சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, சடை பின்னிவிட்டாளாம், ஆச்சி சடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினாளாம். "நான் படிச்ச படிப்புக்கு இன்னைக்குத்தான் அத்தை அர்த்தம் கிடைச்சுது" என்றாளாம். இன்னொரு நாள் உள்ளே எல்லாரும் நலம், ஒரு சாவு இல்லை, கொடியில் கறுப்புக் கைலி. அன்றைக்கு யாரோ பெரியவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினாராம், ஒப்பந்த நர்ஸுகளை மட்டும் படத்தில் விழாமல் ஓரமாக நிற்கச் சொன்னார்களாம். அப்புறம்தான் தெருவுக்கு விளங்கியது. பால் ஊறுவது சாவையும் பிழைப்பையும் பார்த்து இல்லை, ஆவுடை மனசைப் பார்த்து.

மனசைப் பார்த்து என்று தெரிந்ததும் தெரு அந்த மனசை வைத்துத் தாங்க ஆரம்பித்தது. முதலில், எல்லாரும் வாசலில் நின்று தட்டைத் தட்டி நன்றி சொல்லவேண்டும் என்று சொன்ன அன்றைக்கு எங்கள் தெருதான் அதிகம் தட்டியது, குடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, அன்றைக்கு எனக்கு ஒரு சொட்டு வரவில்லை, அவள் வார்டிலிருந்து வந்து கண்ணயர்ந்த நேரத்தில் விடுதியைச் சுற்றியும் தட்டி எழுப்பிவிட்டார்களாம். அதோடு தட்டை எடுத்து அடுக்கினார்கள். தகரத்தைப் பிரித்தார்கள், காவலுக்கு நின்றவனே பிரித்தான், பிரித்துவிட்டு, "நான் எப்பவுமே நர்ஸம்மா கட்சிதான்" என்றான். தேங்காய்ப் பால் பிழிந்து சொதி வைத்துத் தூக்கில் அனுப்பினார்கள், அன்றைக்கு வெள்ளைத் துணி. ராத்திரி பகல் பாராமல் அவளுக்குப் போன் போட்டு எங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காரு என்று கேட்கிறவர்கள் போன் போடுவதை நிறுத்தினார்கள், அன்றைக்கு மஞ்சள். பிழைத்து வந்த காதர் அண்ணன், முகம் பார்த்ததில்லை, கண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறார், ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று, வேலை முடிந்து வெளியே வந்த இருபது பேரில் கண்ணை வைத்தே இவளைக் கண்டுபிடித்து, "ஆவுடைத் தங்கச்சி" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றைக்கு என் வலது பக்கம் பாய் நனைந்து, பாய்க்கடியில் தரை நனைந்து, கவினேஷ் குடித்து மூச்சுமுட்டித் திரும்பிக்கொண்டான். கொடியில் மஞ்சள் துணியோடு அத்தை தன் மஞ்சள் சேலையையும் சேர்த்துப் போட்டாள்.

இவ்வளவும் என் மாரில். கனத்தது எனக்கு, கடித்து வெடித்தது எனக்கு, இரவு முழுக்க ஒருக்களித்துப் படுக்க முடியாதது எனக்கு. வருகிறவர்கள் என்ன சொன்னார்கள்? "ஆவுடை பால் பெருகிக் கெடக்கு" என்றார்கள். "ஆவுடை பிள்ளையை எப்படி வளக்கா பாரு, அங்க இருந்துக்கிட்டே!" என்றார்கள். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, நனைந்த ஜாக்கெட்டைப் பார்த்து, "மதினிக்கு இன்னைக்கு மனசு குளுந்திருக்கு போல" என்றார். என் மனசு எப்படி இருக்கு என்று அந்த மனுஷன் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவை கேட்டதில்லை. கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, கேட்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

கம்பெனி மறுபடி இலை தந்ததும் நான் சுளவை எடுத்தேன். சுற்றும்போது யோசிப்பேன். நான் சுற்றின பீடியைக் குடித்துவிட்டு யாராவது ஆச்சி சடையைத் தடவின மாதிரி நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறார்களா? இருமிக்கொண்டு அவள் வார்டுக்குத்தான் போயிருப்பார்கள். என் வேலை நிறைந்து, அந்த நிறைவு வழிந்து, எங்கேயாவது ஒருத்திக்கு ஒரு சொட்டு ஊறுமா? அவளுக்கு வேலை ஒன்று இருக்கிறது, அது அவள் மனசை நிரப்புகிறது, நிரம்பினது போதாமல் என் உடம்புக்குள்ளும் வந்து நிரம்புகிறது. எனக்கு என் இடது பக்கம் மட்டும்.

அதுவும் போனது. ஆடி மாதம் ஒருநாள், கவினேஷ் தூங்கிக்கொண்டிருந்தபோது, யாழினி இடது பக்கத்தை விட்டுவிட்டு, தலையைத் திருப்பி, தவழ்ந்து, வலது பக்கம் போய் வாயை வைத்தாள். ஒரு வாய் குடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இத்தனை நாள் இதையா எனக்குத் தராமல் வைத்திருந்தாய்" என்று கேட்கிற மாதிரிப் பார்த்தாள். அப்புறம் இடது பக்கம் வைத்தால் முகத்தைச் சுளித்தாள். நான் பெற்றது. என் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதற்கும் அவள் பால்தான் ருசித்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, அத்தை, "என்னட்டி மூஞ்சி, யார் என்ன சொன்னா?" என்று கேட்டாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை அத்தை என்றேன், அது உண்மைதான்.

இதில் ஒரு வேடிக்கை. தெருவுக்கு எல்லாம் தெரியும், போலீஸ்காரருக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும், ஆவுடை அக்காவுக்கு மட்டும் தெரியாது. இப்படி ஊறுகிற பால் பெற்றவள் காதில் விழுந்தால் கண் பட்டு நின்றுவிடும் என்று எங்கள் பக்கம் அவளிடம் மட்டும் யாரும் மூச்சு விடமாட்டார்கள். அத்தை சொல்லவில்லை, நான் சொல்லவில்லை, மாரிக்கனி சித்தியும் சொல்லவில்லை, காதர் அண்ணனும் சொல்லவில்லை. அவளோ தன் பாலை மல்லிகை வைத்து வற்றடித்துவிட்டோம், பிள்ளை பேச்சி பாலைக் குடித்து வளர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் வீடியோ போனில் வரும்போதெல்லாம் அவள் கண் என் மடியிலேயே இருக்கும்.

"தலையை உயத்திப் பிடிட்டி. மூச்சு முட்டிரும்."

"சரிக்கா."

"கையை சோப்புப் போட்டுக் கழுவினியா? பிள்ளை மேல பீடித் தூள் நாத்தம் வரப்போவுது."

"கழுவினேன்க்கா."

பிள்ளை குடிக்கிறதையே பார்ப்பாள். அப்புறம் சொல்வாள், "குடுத்து வச்சவட்டி நீ."

நானா குடுத்து வைத்தவள் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வரும். ஊரே பெயர் சொல்கிற அவள், பெயர் வைத்தவனைத் தேடுகிற நிலையில் இருக்கிற என்னைப் பார்த்துச் சொல்கிறாள், சும்மா சொல்லவில்லை, வயிறெரிந்து சொல்கிறாள். அது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நன்றாக இருந்தது. அன்றைக்கு யாழினிக்குக் கொடுத்த இடது பக்கம் எப்போதையும் விடக் கொஞ்சம் கூடுதலாக வந்த மாதிரி இருந்தது, அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

தகரத்தைப் பிரித்த பிறகு அவள் இரண்டு தடவை தெருமுனை விளக்குக் கம்பம் வரைக்கும் வந்து, முகமூடியோடு நின்று கையை ஆட்டினாள். நான் கவினேஷைத் தூக்கிக் காட்டினேன். அவன் என் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் கை ஆடிக்கொண்டே இருந்தது, யாருக்கு என்று தெரியாமல்.

ஐப்பசியில்தான் அது நடந்தது. போனில் அவள் முகம், மடியில் கவினேஷ், அவன் குடித்து முடித்துத் தலையை நிமிர்த்தி, என் கன்னத்தில் கையை வைத்து, தெளிவாக, "ம்மா" என்றான். முதல் வார்த்தை. நான் போனைப் பார்க்கவில்லை. போன் இருட்டான பிறகுதான் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி வலது பக்கம் ஊறியது, ஆனால் வேப்பெண்ணெய் மாதிரிக் கசந்தது, பிள்ளை வாயை வைத்ததும் அலறித் துப்பியது. மறுநாள் அதுவும் வற்றியது. கொடியில் கறுப்புக் கைலியைப் பார்த்துத் தெரு ஓடி வந்தது, அத்தை, "வார்டுல ஒண்ணும் இல்ல, இது வீட்டுப் பிரச்சினை, போங்க" என்றாள். ஆனால் கைலி இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் அவள் அத்தைக்குப் போன் போட்டு, "எனக்கு இந்த வேலை வேண்டாம் அத்தை. யார் யார் வீட்டுப் பிள்ளையையோ நான் காப்பாத்திட்டு, என் பிள்ளைக்கு நான் யாருன்னே தெரியலை. எழுதிக் குடுத்துட்டேன், மாத்து ஆள் வந்ததும் டெஸ்ட் எடுத்துட்டு வந்துருதேன்" என்றாள்.

கவினேஷ் இடது பக்கத்தைத் தொட மாட்டேன் என்றான், புட்டிப் பாலைத் தட்டிவிட்டான், கஞ்சித் தண்ணியில் உயிரை வைத்துக்கொண்டு இளைத்துப்போனான். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மத்தியானம் அவனை வாங்கினதும் ஆவுடை அக்கா, "என்னட்டி இவன் இப்படிக் கெடக்கான்?" என்று கேட்டாள். அத்தை முந்திக்கொண்டு, "பல்லு மொளைக்குதுல்லா" என்றாள். அக்கா என் மாரைப் பார்த்தாள். என் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டு அவள் பிள்ளையைக் காயப்போட்டேன் என்று நினைக்கிறாள். நினைக்கட்டும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம்தான் பூப் பொட்டலத்தைத் தள்ளினாள். வற்றிப்போனதை எதற்கு வற்றடிக்க?

இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் மாரிக்கனி சித்தி வந்து நிற்கிறாள். அவள் புருஷன் தங்கராசு சித்தப்பா எட்டு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கொடியில் கறுப்புக் கைலி ஆடுகிறது.

"ஆவுடை வேலையை விட்டுட்டாளாட்டி?"

"ஆமா சித்தி."

"அப்பம் அவரை யாருட்டி பாப்பா? நேத்து வரைக்கும் இவதான் வாயில தண்ணி விட்டாளாம். மத்தவங்க மேல குத்தம் இல்ல, ஆனா அவரு இவ கண்ணைப் பாத்துத்தான் மூச்சு விடுதேன்னு சொன்னாராம்." வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "பேச்சி, நீ சொல்லிருட்டி. கண்ணு பட்டாப் படட்டும். அவ பாலைக் குடிச்சுத்தான் அவ பிள்ளை வளந்துதுன்னு சொல்லு. ஒரு நாள்கூட அவ பிள்ளையை விட்டுப் போகலைன்னு சொல்லு. சொன்னா அவ மனசு ஆறிரும், பிள்ளைக்குப் பால் வந்துரும், அவளும் நாளைக்கு உடுப்பை மாட்டிக்கிட்டுப் போயிருவா."

"அத்தையைச் சொல்லச் சொல்லுங்க."

"அவ சொன்னா மருமவளை வேலைக்கு வெரட்டப் பாக்கான்னு தோணும். உன் மாருட்டி அது. நீ சொன்னாத்தான் நம்புவா."

நான் ஒரு இலையை எடுத்து உருட்டினேன், அது கிழிந்தது, இன்னொன்றை எடுத்தேன். சித்தி அதைப் பார்த்துவிட்டு, "உன்னையும் குத்தம் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிப் போனாள். அதுதான் குத்தியது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு ஒரு கண் கிடைக்கும். பிள்ளைக்கு வயிறு நிறையும். ஆனால் இந்த ஏழு மாதத்தில் நான் யார்? அவள் பிள்ளை அவள் பாலைக் குடித்தது என்றால், நடுவில் இருந்த நான் ஒரு குழாய், ஒரு புட்டி. அவன் என்னைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் அவள் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் மறுபடி சின்னவளாக, அவள் பிள்ளைக்குப் பிறகு பார்க்கப்படுகிற பிள்ளையின் தாயாக, இடது பக்கத்துக்காரியாக உட்கார்ந்து பீடி சுற்றவேண்டும். சொல்லாவிட்டால் அவள் என்னைப் பார்த்து வயிறெரிந்துகொண்டே இருப்பாள், உலகத்தில் என்னைப் பார்த்து வயிறெரிகிற ஒரே ஆள் அவள்தான், அதை விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

உள்ளே அழுகை நின்றுவிட்டது.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. காதை வைத்துக் கேட்கிறேன், விசிறிச் சத்தம் மட்டும் வருகிறது. தூங்கிவிட்டானோ, இல்லை துவண்டுவிட்டானோ என்று எழுந்திருக்கப் போகிறேன், அதற்குள் என் வலது பக்கம், பத்து நாளாகச் சருகாகக் கிடந்தது, உள்ளே ஒரு சூடு பரவி, நரம்பு நரம்பாக இறங்கி, கனத்து, நான் முந்தானையை இழுத்துச் சேர்ப்பதற்குள் வழிந்து, சுளவில் விழுந்து, தூளெல்லாம் நனைகிறது. இன்றைய சுற்று போச்சு. மல்லிகை வாசம் குப்பென்று அடிக்கிறது, பக்கத்தில் இருக்கிற வாடின பூவிலிருந்து இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கதவு சாத்தித்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே நடந்தது எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்வதற்கு முன்னால், கொடியில் துணி ஏறுவதற்கு முன்னால், எனக்குத்தான் முதலில் தெரியும், எப்போதும் எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. அவன் அவள் கன்னத்தில் கையை வைத்திருக்கிறான். அவன் அவளைக் கூப்பிட்டிருக்கிறான்.

எரிகிறது. இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் மனசு குளிர்ந்ததை என் மாரே எனக்குச் சொல்கிறதே, அதைவிட ஒரு எரிச்சல் உண்டா? ஆனால் பிள்ளைக்கான பால் இங்கே தூளில் சொட்டிக்கொண்டிருக்கிறது, பிள்ளை அங்கே வெறும் வயிற்றோடு சிரித்துக்கொண்டிருக்கிறது, அவளிடம் அன்பு இருக்கிறது, பால் இல்லை, என்னிடம் பால் இருக்கிறது, அது என்னுடையது இல்லை, இரண்டையும் ஒரு மடியில் சேர்க்க இந்த ஊரில் என் வாயைத் தவிர வேறு வழி கிடையாது. பூப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறேன். பாதி வாடினாலும் பாதி தேறும். தொடுத்தால் இரண்டு தலைக்குக் காணும். கொடியிலிருந்து அந்தக் கறுப்புக் கைலியை உருவிவிட்டு, மஞ்சள் துணியைப் போட்டுவிட்டு, நேராக உள்ளே போய், அக்கா, இது ஒரு நாளும் என் பால் இல்லை, நீங்க அங்க ஒவ்வொரு ஆளையும் எழுப்பி உட்கார வச்ச அன்னைக்கெல்லாம் இங்க, உங்க பிள்ளை

"ஏட்டி பேச்சி! ஓடி வாட்டி, இவன் என்னையக் கூப்பிட்டுட்டான்! உன்னையத் தேடுதான் இப்பம், பசிக்குது போல, வாட்டி சீக்கிரம்!"

வாறேன்க்கா, இந்தச் சுளவை இறக்கி வச்சுட்டு, கையைக் கழுவிட்டு, உங்ககிட்ட ஒண்ணு